இடைவெளியின் எடை

இசக்கியம்மாள் முதல் நாள் ஜன்னலில் நின்று சொன்னது ஓர் எழுத்தா, வெறும் அலுப்பா என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலையைப் பலமுறை நினைவிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் கைரேகை அதில் படிந்துவிடுகிறது. சில நாள் அவர் கையில் பச்சை நிறக் கட்டைப்பை இருக்கிறது. சில நாள் இல்லை. சில நாள் வரிசையில் அவருக்குப் பின்னால் நூறு பேர். சில நாள் பத்துப் பேர். மாறாமல் இருப்பது அந்த ஓசை மட்டும்தான். அதுவும் மாறவில்லை என்று நானாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

"பேரு?" என்று கேட்டேன்.

"பூரணவல்லி. எம் மவ. இருவத்தொம்பது வயசு. உள்ளதான் இருக்கா. நீலக்கலர் பஸ்ஸுல ஏறுனத பாத்தவுக சொன்னாவ."

"முதலெழுத்து?"

யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் கம்பிக்கு அருகில் கொண்டுவந்து, மூச்சை விடுவதுபோல், "சே" என்றார்.

அந்த நாட்களில் ஜன்னலில் நின்ற எல்லோரும் அதைச் சொன்னார்கள். வெயிலைப் பார்த்து, வரிசையைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சே என்றார்கள். நான் தலை நிமிரவில்லை.

"அப்பா எழுத்தச் சொல்லுங்கம்மா" என்றேன். அல்லது, "அப்பா எழுத்தச் சொன்னாலும் போதும்மா" என்றேன். இரண்டும் ஒன்றில்லை. எதைச் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

அவர் முகம் தெளிந்தது நினைவிருக்கிறது.

"அப்பா எழுத்துன்னா சு. அவுக அப்பா சுடலைமுத்து" என்று சத்தமாகவே சொன்னார். நான் 'சு. பூரணவல்லி' என்று தட்டினேன். பத்தொன்பது நிமிடங்கள் கழித்துப் பதில் வந்தது: இல்லை.

*

ஏழாவது வறட்சி ஆண்டில் நடந்தது அது. மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றைக் குடைந்து, அதற்குள் நாற்பத்திரண்டாயிரம் பேரை ஆளுக்கொரு பேழையில் குளிரில் உறங்க வைத்திருந்தார்கள். இருக்கும் தானியம் எல்லோருக்கும் போதாது என்று தெரிந்த பிறகு எடுத்த முடிவு. பதினைந்து வயதிலிருந்து ஐம்பது வயது வரை உள்ளவர்களைத்தான் உள்ளே எடுத்தார்கள். அதற்கு மேற்பட்ட உடம்பு குளிரிலிருந்து திரும்பி வராது. அதனால்தான் பிள்ளைகள் உள்ளேயும் பெற்றவர்கள் வெளியேயும் இருந்தார்கள். உள்ளே இருப்பவரை எழுப்ப வேண்டுமானால் வெளியே ஒருவர் வந்து பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தன் பங்குத் தானியத்தில் பாதியைப் பகிர்ந்துகொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினோரு நாட்களில் பதிவை முடித்தார்கள். அடையாள எண்களை வைத்திருந்த பெரிய கணினிக் கூடங்கள் வெப்பத்தில் ஏற்கெனவே செத்துவிட்டிருந்தன. மிஞ்சியது பெயர். பதிவு செய்தவர்கள் நம் ஊரில் எப்படி எழுதுவோமோ அப்படியே எழுதினார்கள்: முதலெழுத்து, புள்ளி, பெயர். அதை அப்படியே அகர வரிசையில் அடுக்கிவிட்டார்கள். அதனால் பெயருக்கு முன்னால் முதலெழுத்து வந்து நின்றுகொண்டது. ஒரே பூரணவல்லி 'சு'வில் இருந்தால் ஒரு கோடி, 'மா'வில் இருந்தால் மறு கோடி. அப்போது யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை. பேருந்துகள் வந்துகொண்டே இருந்தன.

அந்தப் பட்டியல் காகிதத்திலும் இல்லை, கணினியிலும் இல்லை. தீப்பெட்டி அளவிலான கண்ணாடிக் குப்பி ஒன்றில், உயிரணுக்களின் மரபுச் சரடு போலச் செயற்கையாகக் கோத்த மூலக்கூறுகளாக, வெள்ளைப் பொடியாகக் கிடந்தது. நூறு ஆண்டு கெடாது. ஆனால் படிப்பது கடினம். வாசிக்கும் கருவியால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெயரைத் தொட்டு, நாம் தேடும் பெயர் அதற்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று மட்டும் சொல்ல முடியும். ஒரு தொடுகைக்கு ஒரு நிமிடம். அதை ஒரு படி என்போம். என் வேலை, எந்தப் பெயரை முதலில் தொடுவது, முன் என்றால் அடுத்து எதை, பின் என்றால் அடுத்து எதை என்று தீர்மானிப்பது. அந்தத் தீர்மானத்தை வரைந்தால் தலைகீழாக நிற்கும் மரம்போல் இருக்கும். மேலே வேர், கீழே கிளைகள். என் கணினியில் பெயர்கள் இல்லை. கணுக்களின் எண்களும், ஒவ்வொன்றும் எத்தனை தடவை கேட்கப்பட்டது என்ற எடையும் மட்டும் இருந்தன.

குளிர்க்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் பீர்முகமது. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு கண்ணாடிச் சுவர்.

"என்ன வே, இன்னைக்குப் பத்தொம்பது படி ஒருத்திக்கே ஏறிட்டீரு" என்பார். "ஒம்ம கருவி ஓடுதப்பல்லாம் இங்க குளிர்மானி முள்ளு அசையுது பாத்துக்கிடும்."

அது உண்மை. இருந்த மின்சாரம் ஒன்றுதான். கருவி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உறங்குபவர்களின் குளிரிலிருந்து எடுத்ததுதான். மயிரிழை அளவு. ஆனால் ஒரு நாளைக்கு அறுபது கேள்வி, கேள்விக்குப் பதினாறு படி என்றால் மயிரிழைகள் சேர்ந்து கயிறாகிவிடும்.

அதனால் படிகளைக் குறைத்தேன். அடிக்கடி கேட்கப்படும் பெயர்களை வேருக்கு அருகில் கொண்டுவந்தால் மொத்தப் படிகள் குறையும். மிகச் சிறந்த மரம் எது என்று கண்டுபிடிக்க, பட்டியலின் எல்லாத் துண்டுக்கும் அதிலுள்ள எல்லாப் பெயரையும் வேராக வைத்துப் பார்க்க வேண்டும். என் சிறிய கணினி அதை முடிப்பதற்குள் உறங்குபவர்கள் கிழவர்களாகிவிடுவார்கள். பழைய பாடப்புத்தகம் ஒன்றில் ஒரு குறுக்கு வழி இருந்தது. வரிசையின் வலது ஓரத்தில் ஒரு பெயரைக் கூட்டினால் சிறந்த வேர் இடது பக்கம் திரும்பிப் போகாது. நின்ற இடத்தில் நிற்கும் அல்லது வலது பக்கம் நகரும். அதனால் எல்லாப் பெயரையும் சோதிக்கத் தேவையில்லை. ஒரு காலைப்பொழுதில் கணக்கு முடிந்தது. வாரம் ஒருமுறை மரத்தைப் புதிதாகக் கட்டினேன்.

இன்னொன்றும் செய்தேன். பாதிக் கேள்விகளுக்கு மேல் 'இல்லை' என்பதுதான் பதில். இல்லை என்று சொல்லத்தான் அதிக நேரம் ஆயிற்று. கடைசிக் கிளைவரை போனால்தான் அது தெரியும். இரண்டு பெயர்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்கும் எடை உண்டு என்று புத்தகம் சொன்னது. யாரும் இல்லாத அந்த இடத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அதன் எடை. அதையும் கணக்கில் சேர்த்தேன். கருவி ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தது. நிர்வாகப் பொறியாளர் சங்கரகோமதி என் மேசைக்கு வந்து, "நீங்க நானூறு பேரோட குளிர மிச்சம் பிடிச்சிருக்கீங்க, திரவியம்" என்றார். அன்று மதியம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

*

இசக்கியம்மாள் தினமும் வந்தார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்பது விதி. அவர் அந்த ஒரு கேள்வியை ஒரு நாளும் விடவில்லை. பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் பூக்கடை வைத்திருந்தவர். காத்திருக்கத் தெரிந்தவர். பதில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நானும் பேச மாட்டேன். அந்த மௌனம் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

ஒருநாள் அவரே கேட்டார். "உள்ள என்னதான்யா பண்ணுது அது? பேரத்தான தேடுது?"

"உங்க கடையில எதம்மா கைக்குப் பக்கத்துல வச்சிருப்பீங்க?"

"அதிகமா கேக்கதத்தான். மல்லி, பிச்சி. கனகாம்பரம் அதுக்குப் பொறவு."

"யாரும் கேக்காதத?"

"தாழம்பூ, மரிக்கொழுந்தெல்லாம் ஒரு ஆளு ரெண்டு ஆளுதான் கேப்பாவ. பின்னால வாளிக்குள்ள கெடக்கும்." சற்று யோசித்தார். "நாலு நாள் ஒருத்தரும் கேக்கலன்னா வாடிரும். தூரப் போட்டுருவேன்."



இன்னொரு நாள், இல்லை என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டார். கருவி கடைசியாகத் தொட்ட இரண்டு பெயர்கள் திரையில் நிற்கும். அதைக் காட்டினேன். "இங்க பாருங்க. சு. பூமயில். அடுத்து சு. பூவராகன். பூரணவல்லி இருந்தா இந்த ரெண்டு பேருக்கும் நடுவுலதான் இருக்கணும். நடுவுல யாரும் இல்ல."

அவர் கம்பியில் நெற்றி படப் பார்த்தார். "பூமயிலு. யாரு பெத்த புள்ளையோ." அதிலிருந்து ஜன்னலுக்கு வந்ததும், "பூமயிலு சொகமா இருக்காளா எய்யா? பூவராகன் எந்திரிச்சுட்டாரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கேள்வியைச் சொல்வார். பீர்முகமது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "ரெண்டு பேரும் குறட்டை விடுதாவம்மா" என்பார்.

"கல்யாணம் ஆச்சாம்மா உங்க மகளுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். கேட்காமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எங்க வீட்ல ஒண்ணும் நடக்கல" என்றார்.

அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த வாக்கியத்தில் 'எங்க வீட்ல' என்ற இரண்டு சொற்கள்தான் கேட்கின்றன.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, ஒரு வழக்கில் வென்றவர்போல, "கவுருமெண்டே அப்பா எழுத்தத்தான கேக்குது. பொறந்த எழுத்துதான எழுத்து" என்றார். நான் தலையசைத்தேன்.

மாதங்கள் போயின. ஜன்னலுக்கு வருபவர்கள் குறைந்தார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது, அல்லது கேட்டுக் கேட்டு நின்றுபோயிற்று, அல்லது கேட்கிறவரே போய்விட்டார். அறுபது கேள்வி முப்பதாகி, பதினைந்தாகி, எட்டாயிற்று. எட்டில் ஒன்று இசக்கியம்மாளுடையது. உலகம் கேட்கும் கேள்விகளில் எட்டில் ஒரு பங்கு, பூமயிலுக்கும் பூவராகனுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பற்றியது. மரத்துக்கு அது போதும். வாராவாரம் அந்த இடைவெளி மேலே ஏறிவந்தது. பத்தொன்பது படி பதினொன்றாயிற்று, ஏழாயிற்று, மூன்றாயிற்று.

ஒருநாள் அவர் பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"இல்லம்மா."

அவர் எழுந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சட்டுனு சொல்லிட்டீயளே! மொதல்லல்லாம் எம்புட்டு நேரம் ஆவும். இப்பம் கிட்ட வந்துட்டு, இல்லையா? கிட்ட வந்துட்டா."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை என்று சொல்ல எங்களுக்குப் பழகிவிட்டது, அதனால் சீக்கிரம் சொல்கிறோம் என்றா?

"ஆமாம்மா" என்றேன்.

*

அடுத்த கோடையில், எங்களுக்கு மின்சாரம் தந்த அணைச் சுழலிகளில் இன்னொன்றும் நின்றது. சங்கரகோமதி என்னை அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரே ஒரு தாள்.

"ஐயாயிரத்து முந்நூறு பேழைக்குக் குளிர நிறுத்தி மூடணும். இல்லன்னா நாப்பதாயிரமும் போயிரும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்திருந்தேன். சரியாகத்தான் இருந்தது.

"யாரை மேடம்?"

"நான் யாரையும் தேர்ந்தெடுக்கப் போறதில்ல. வயசு பாத்தாங்க, சாதி பாத்தாங்க, ஊரு பாத்தாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக் கூடாது. உங்க மரம் எதையும் பாக்காது. ஒரு தடவகூட யாரும் கேக்காதவங்க அடியில இருக்காங்க இல்லையா? அடியில இருந்து."

"கேக்க வேண்டியவங்களும் உள்ளயே தூங்கிட்டு இருக்கலாம் மேடம். குடும்பத்தோட வந்தவங்க எத்தன பேர்."

"இருக்கலாம்."

மின்விசிறி ஓடாத அறை. வெளியே யாரோ இரும்புக் கம்பியை இழுத்துச் செல்லும் ஓசை தொடங்கி, நெடுநேரம் கேட்டு, நின்றது.

"வேற வழி இருந்தா சொல்லுங்க, திரவியம். உங்க கால்ல விழறேன்" என்றார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.

என்னிடம் வேறு வழி இல்லை. ஒரு மாத அவகாசம் கேட்டு வாங்கினேன். அறிவிப்பு ஒட்டினோம். மூன்று நாள் கூட்டம் இருந்தது. பிறகு பழையபடி எட்டுப் பேர்.

இசக்கியம்மாள் அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு வந்தார். "நான்தான் தெனம் கேக்கேனே. எம் மவள மூட மாட்டாவல்லா?"

"உள்ள இருந்தா மூட மாட்டாங்கம்மா."

"இருக்கா எய்யா. நீலக்கலர் பஸ்ஸு."

அன்று முதல்முறையாக எனக்குள் ஏதோ அசைந்தது. பதிவில் முதலெழுத்துகள் தவறியிருப்பதை முன்பும் கண்டிருந்தேன். 'க' என்பது 'கா' ஆகியிருக்கும், 'த' என்பது 'ந' ஆகியிருக்கும். மகள் உள்ளே இருக்கிறார் என்றால் வேறொரு எழுத்தில் இருக்கிறார். எழுத்து தெரியாமல் பெயரை மட்டும் தேடக் கருவியால் முடியாது. எல்லா எழுத்திலும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

வெப்பநிலைத் தாளின் பின்பக்கத்தில், பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணையை நினைவிலிருந்து வரைந்தேன். உயிர் பன்னிரண்டு. மெய் பதினெட்டு. ங, ண, ழ, ள, ற, ன வரிசைகளை அடித்தேன். அவற்றில் பெயர் தொடங்காது. மிச்சம் பன்னிரண்டு வரிசை. கௌ, சௌ போன்ற ஔகார உயிர்மெய்களையும் அடித்தேன். நூற்று முப்பத்திரண்டும் பன்னிரண்டும் நூற்று நாற்பத்து நான்கு. ஒரு நாளைக்கு ஆறு கேள்வி. இருபத்து நான்கு நாள்.

பீர்முகமது எட்டிப் பார்த்தார். "என்ன வே, ஒண்ணாங்கிளாஸ் பரீட்சைக்குப் படிக்கீரா?"

சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். "ஆறு கேள்வின்னா நூறு படிக்கு மேல. முள்ளு ஏறும். இஞ்சினியரம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிருவாவ."

"இந்த அம்மா கேள்விக்கு முன்னாடி பத்தொம்பது படி. இப்ப மூணு. எத்தன மாசமா மிச்சம் பிடிச்சிருக்கேன்? அதத்தான் எடுக்கறேன்."

அவர் என் தாளை ஒருமுறை வரிசையாகப் படித்தார். பிறகு, "நீரு ஓட்டும். முள்ள நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அ. பூரணவல்லி, ஆ. பூரணவல்லி என்று தொடங்கினேன். தினமும் ஆறு. பதில்கள் மெதுவாக வந்தன. யாரும் கேட்டிராத இடைவெளிகள் அவை. மரத்தின் அடியில், முப்பது நாற்பது படிக்குக் கீழே இருந்தன. 'மு'வில் ஒரு பூரணவல்லி கிடைத்தபோது பீர்முகமது எழுந்தே நின்றுவிட்டார். வயது நாற்பத்தேழு. வேறு யாரோ. 'வோ' முடிந்த மாலையில் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த நிறைவு இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் அவரிடம் சொன்னேன். "எல்லா எழுத்துலயும் பாத்துட்டேம்மா."

"எல்லா எழுத்துலயுமா?"

"எல்லாத்துலயும். ஒண்ணு விடல."

அவர் வாயைத் திறந்து மூடினார். ஏதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மௌனம் பிடிக்கும் என்று சொன்னேன் அல்லவா. ஒருவர் பேசாமல் நிற்கும்போது அவரைப் பேசாமல் நிற்கவிடுவது மரியாதை என்று நினைப்பவன் நான்.

"அப்பம் பஸ்ஸுல ஏறுனது அவ இல்லையோ என்னவோ" என்று கடைசியில் சொன்னார். பெஞ்சில் இருந்த பையை எடுத்துக்கொண்டு போனார்.

*

ஆறு நாட்கள் கழித்துப் பேழைகளை மூடினோம். ஒரு நெம்புகோலும் இல்லை, ஒரு பொத்தானும் இல்லை. கணு எண்களின் பட்டியல் ஒன்று என் கணினியிலிருந்து பீர்முகமதுவின் கணினிக்குப் போனது. வரிசை வரிசையாகப் பச்சை விளக்குகள் அணைந்தன. அவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மூடியவர்களின் பெயர்களை வெளியில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அவர்களை மட்டும் குப்பியிலிருந்து ஒருமுறை முழுதாக வாசித்தோம். இனி மின்சாரம் தேவைப்படாதவர்கள் விட்டுச்சென்ற மின்சாரத்தில் வாசித்தோம். ஐம்பத்து மூன்று தாள்கள். வெளிச்சுவரில் வரிசையாக ஒட்டினேன். நான் படிக்கவில்லை. பசை தடவினேன், ஒட்டினேன்.

மறுநாள் காலை இசக்கியம்மாள் வந்தார். நான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தேன். 'சு' இருந்த தாளைத் தேடிப் பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இல்ல எய்யா" என்றார். ஆறுதலோடு சொன்னார். முதல்முறையாக அவர் எனக்கு அந்தப் பதிலைச் சொன்னார்.

பிறகு போகாமல் நின்றார். ஒவ்வொரு தாளின் முதலெழுத்தையும் பார்த்தபடி சுவரின் கோடி வரை நடந்தார். கடைசித் தாளின் முன்னால் நின்றார். அதில் மேலிருந்து பாதிவரைதான் பெயர்கள். அவர் விரல் கீழிருந்து தொடங்கியது. கீழிருந்து நான்காவது வரியில் நின்றது.

"சே" என்றார்.

அதே ஓசை. முதல் நாளின் அதே மூச்சு. நான் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றேன். விரலுக்கு மேலே எழுதியிருந்தது: ஜே. பூரணவல்லி, வயது 29.

தமிழ் அகர வரிசையில் 'ன'வுக்குப் பிறகுதான் ஜ, ஷ, ஸ, ஹ வரும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணையில் அவை வராது. இருநூற்று நாற்பத்தேழுக்குள் அவை இல்லை. ஜன்னல், ஜன்னல் என்று நாள் முழுக்கச் சொல்பவன் நான். ஷா. பீர்முகமது என்று தினமும் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டவர் அவர். இருபத்து நான்கு நாள் அந்தத் தாள் எங்கள் இருவர் நடுவில் கிடந்தது.

"மருமவன் பேரு சேம்ஸு" என்றார் இசக்கியம்மாள். ஜேம்ஸ் என்பது அவர் வாயில் அப்படித்தான் வந்தது. "நல்ல பையன்தான். லாரியில வேல. போன வருசத்துக்கு முந்துன வருசம் செத்துட்டானாம். வேதக்காரப் பையன், வேற மதம்னு எம் மவளோட அப்பா வீட்டுக்குள்ள சேக்கல. அந்தப் பேர வாயில எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ண மூடுனாவ."

பிரிந்திருந்த தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.

"நான் மொத நாளே சொன்னேன்லா எய்யா?" என்று என் பக்கம் திரும்பினார். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "சொன்னனா? இல்ல, சொல்லணும்னு நெனச்சுட்டுச் சொல்லாம விட்டுட்டனா?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அது உண்மை. அன்று அது உண்மையாக இருந்ததா என்றுகூட எனக்கு இப்போது தெரியவில்லை.

*

இசக்கியம்மாள் ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள் வந்து, தன் ஒரு கேள்வியாகச் சு. பூமயில் என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் 'உண்டு' என்று வந்தது. உறவு என்ற இடத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்கு முன்பே 'மகள்' என்று எழுதிவிட்டேன். பூமயிலையும் பூவராகனையும் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அவர் தினமும் விசாரித்த சுகம் என் கணக்கில் கேள்வியாகச் சேராது. அவர் கேட்ட வெற்றிடத்துக்கு இரு பக்கமும் அவர்கள் நின்றதால் மட்டுமே வேருக்கு அருகில் இருந்தார்கள். அதனால் மட்டுமே மூடப்படவில்லை.

பூமயிலுக்கு வயது பத்தொன்பது. கண் விழித்ததும் தன் வீட்டார் நான்கு பேரைக் கேட்டாள். நால்வரும் சுவரில் இருந்தார்கள். இசக்கியம்மாளோடு ஐந்து மாதம் இருந்தாள். பிறகு வடக்கே போகும் கூட்டத்தோடு போய்விட்டாள். பூவராகன் கொத்தனார், மழை திரும்பிய ஆண்டில் மற்றவர்களோடு எழுந்து, மகன்களோடு ஊருக்குப் போனார். தாம் எதனால் பிழைத்தோம் என்று அவருக்குத் தெரியாது.

பீர்முகமது மூடல் நடந்த மாதமே வேலையை விட்டார். சங்கரகோமதி முப்பத்தாறாயிரத்து சொச்சம் பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்தவர் என்று பாராட்டப்பட்டார். அது சரிதான். கடைசிவரை அந்த ஐம்பத்து மூன்று தாள்களின் நகலை வீட்டில் வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இசக்கியம்மாள் அடுத்த ஆடியில் இறந்தார்.

நான் குப்பி காலியாகும்வரை வேலையில் இருந்தேன். வாராவாரம் மரத்தைக் கட்டினேன். அவர் கேட்பது நின்றதும் அந்த இடைவெளி கீழே இறங்கத் தொடங்கியது. ஏழு, பதினொன்று, பத்தொன்பது. கடைசியாக நான் பார்த்தபோது அது நாற்பத்தோராவது படியில் இருந்தது.